நாலு நிமிடச் சாப்பாடு

என் அக்காவின் கணவர் டவர் கிரேன் ஆபரேட்டர். நான் அதே கிரேனுக்குக் கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவருக்கு உத்தரவு கொடுக்கும் சிக்னல்மேன். வீட்டில் அவர் எனக்கு மாமா, மரியாதை கொடுத்துப் பேச வேண்டியவர். வேலையில் ‘தூக்கு’, ‘இறக்கு’, ‘நிறுத்து’ என்று நான் ஒற்றைச் சொல்லில் விரட்டுவேன். அவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு அதன்படி செய்வார். பதில் வரவில்லை என்றால் எதையும் அசைக்கக் கூடாது, அது எங்கள் தொழிலின் சட்டம். இப்படிப் பதினொரு வருடம் ஓடிவிட்டது. “வீட்டுக்கு வந்தா மட்டும் மாமா மாமான்னு குழையறே” என்று அக்கா இடித்துக் காட்டுவாள்.

மாமாவின் எடை நூற்று நாற்பத்தோரு கிலோ. இப்போது இல்லை, இந்தக் கதை ஆரம்பிக்கும்போது. சைட்டில் அவருக்கு ‘டன்’ என்று பெயர். அவரும் வெட்கப்படாமல் வாக்கி-டாக்கியில் “டன் பேசுறேன், சொல்லு” என்பார். காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏற ஆரம்பித்தால் கேபினுக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம். நடுவில் நிற்பதற்கு ஒன்பது தட்டு, ஒன்பதிலும் நின்று மூச்சு வாங்குவார். கீழே கம்பி கட்டுகிறவர்கள் விசிலடிப்பார்கள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவரைப் போல ஓட்ட இன்னொருவர் பிறக்க வேண்டும். கான்கிரீட் பக்கெட்டைத் தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துகிற மாதிரி இறக்குவார். அந்தக் கேபினில் ஏறியிருக்கும்போதுதான் அவர் மனிதராக இருப்பார் என்று சொன்னால் மிகையில்லை. மற்ற நேரமெல்லாம் நாற்காலி தாங்குமா, பஸ் சீட் போதுமா என்ற கவலைதான்.

அந்த வருடம் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். எதன்மேல் என்ன தகடு ஒட்டியிருந்தாலும் நின்று படிக்கிற ஆள். தீயணைப்பு சிலிண்டர், ஏணி, கழிவறைக் கதவு, ஒன்றையும் விடமாட்டார். கேபினில் ஒரு பையில் மீட்புப் பெல்ட் இருக்கும். ஆபரேட்டர் மேலே மயங்கிவிட்டால் அதை மாட்டிக் கயிற்றில் இறக்குவதற்கு. பதினொரு வருடத்தில் அந்தப் பையை யாரும் திறந்ததில்லை. இந்த மனிதர் திறந்தார், அதன் தகட்டையும் படித்தார். நூற்று இருபது கிலோ வரை. மாமாவை வரச்சொல்லி மாட்டிப் பார்த்தார். கொக்கிகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் வயிறு நின்றது.

“பெல்ட்ட மாத்திக் குடுங்க சார்” என்றார் மாமா.

“பெல்ட் மட்டும் இல்லீங்க. கயிறு, கப்பி, எல்லாமே நூத்தி இருபதுக்குத்தான். மேல நீங்க விழுந்துட்டா எறக்க வழியில்ல.”

“பதினெட்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு நாள்கூட மயங்கினதில்ல.”

“மயங்கிறவங்க யாரும் முன்கூட்டி லீவு லெட்டர் குடுத்துட்டு மயங்கிறதில்ல.”

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. தப்பாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்றைக்கே மாமா கீழே இறக்கப்பட்டார். எடை நூற்று இருபதுக்குள் வந்தால் மறுபடி கேபின், இல்லையென்றால் இல்லை. அதுவரை கேட்டில் உட்கார்ந்து உள்ளே வருகிறவர்கள் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அவருடைய கிரேனில் வேறொருவர் ஏறினார். அவர் தூக்கும் பக்கெட் ஊஞ்சலாடும். அது ஆடும்போதெல்லாம் கேட்டில் மாமாவின் வலது கை லீவரைப் பிடிக்கிற மாதிரி மடங்கும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

பிறகு ஆரம்பித்தது அறிவுரை. உலகத்தில் இத்தனை வைத்தியர்கள் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். சிமென்ட் லாரி டிரைவர் வெந்நீர் குடிக்கச் சொன்னார். முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னார். மூன்று தெரு தள்ளி இருக்கும் தூரத்துச் சொந்தம் ஒருத்தர், தன் தொப்பையைத் தடவிக்கொண்டே, “எல்லாம் மனசுதாங்க காரணம்” என்றார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவர் முன்பே செய்து பார்க்காததையா இவர்கள் சொல்கிறார்கள்? நடந்தார். பட்டினி கிடந்தார். ஒரு வருடம் சோற்றைத் தொடவே இல்லை. ஒன்பது கிலோ குறைந்தது, ஆறே மாதத்தில் பதினொன்றாகத் திரும்பி வந்தது. அந்தக் கணக்கு அவருக்கு மட்டும்தான் புரியாமல் போனது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கேட்டில் நாலு மாதம் உட்கார்ந்த பிறகு ஒரு மதியம் அவர் என்னிடம் சொன்னார். “மச்சான், ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். வயித்தச் சின்னதாக்குறது.”

நான் என் குணத்தைக் காட்டினேன். “வாயக் கட்ட முடியலன்னு வயித்த வெட்டிக்குவாங்களா?” என்றேன்.

“ஆமா, முடியல” என்றார். குரல் உயரவில்லை. “பதினஞ்சு வருஷமா முயற்சி பண்ணிட்டேன், முடியல. என் வாயால அதக் கேக்கணும்னு நெனச்சே, கேட்டாச்சுல்ல?”

அன்று மாலை வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் ஒரு தாளில் இரைப்பையை வரைந்தார். நடுவில் நெட்டாக ஒரு கோடு போட்டு, “இந்தப் பக்கம் முழுக்க எடுத்துடுவோம். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு இருக்கும்” என்றார்.

அக்கா அந்தத் தாளையே பார்த்தாள். “நல்லா இருக்கிற வயித்த எதுக்கு டாக்டர் எடுக்கணும்?”

மாமா அவள் பக்கம் திரும்பினார். “நல்லா இருந்தா நான் ஏன் கேட்ல உக்காந்திருக்கேன்?”

“போனா திரும்ப வருமா அது?” என்று அக்கா டாக்டரைக் கேட்டாள்.

“வராதும்மா. அதனாலதான் யோசிச்சுச் சொல்லுங்கன்னு அனுப்புறேன். இது மந்திரமும் இல்ல. வயிறு சின்னதாகும், பழக்கத்த நீங்கதான் மாத்திக்கணும்.”

அடுத்த அறையில் உணவு ஆலோசகர் இருந்தார், சின்னப் பெண். ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். மதியச் சாப்பாடு சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும் என்றாள்.

“நாலு நிமிஷம்.”

அவள் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டாள். நான்தான் விளக்கினேன். காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார், சாப்பாடும் மேலேயேதான். கீழே வைத்த பக்கெட்டில் லாரியிலிருந்து கான்கிரீட் நிரம்ப நாலு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் கொக்கிக்கு வேலை இல்லை, மாமா டப்பாவைத் திறந்து முடித்துவிடுவார். “ஒரு பருக்கை மிச்சம் இருக்காது” என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

“இனிமே இருபது நிமிஷம்” என்றாள் அந்தப் பெண். “ஒரு முட்டைன்னாலும் இருபது நிமிஷம். கூழாகுற வரைக்கும் மெல்லணும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. அவசரப்பட்டா அடைச்சுக்கும்.”

மாமா தலையாட்டினார். அறிவுரை கேட்டுக் கேட்டுப் பழகிய தலை.

அக்கா ஒரு வாரம் சம்மதிக்கவில்லை. பேச மாட்டாள், பாத்திரங்களை மட்டும் சத்தமாக வைப்பாள். எட்டாம் நாள், “பண்ணிக்கிட்டு வந்து என்ன மட்டும் குத்தம் சொல்லக் கூடாது” என்றாள். எங்கள் வீட்டில் சம்மதம் இப்படித்தான் வரும்.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் திரவம் மட்டும். கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் கருவிக்கு வழி கிடைக்குமாம். அந்த இரண்டு வாரமும் மாமா கேட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். ஹெல்மெட்டின் வார் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் திருப்பி அனுப்பினார். எஞ்சினியரையே ஒரு தடவை அனுப்பிவிட்டார். எனக்கு அதில் மட்டும் திருப்தி.

ஆபரேஷன் முடிந்த அன்று மாலையே நர்ஸ் அவரை நடக்கவிட்டாள். வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டை. வலி வயிற்றில் இல்லையாம், தோளில். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய காற்று அங்கே போய்க் குத்துகிறது என்றார்கள். வெட்டினது ஒரு இடம், வலிக்கிறது வேறு இடம். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், நான் பின்னால் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனேன். மருந்து கொடுக்கிற மாதிரி ஒரு குட்டிக் கிண்ணத்தில் தண்ணீர், கால் மணி நேரத்துக்கு ஒரு கிண்ணம். ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிக்கிறவர் அதை உதட்டில் வைத்து உறிஞ்சியதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே போய் நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் நிம்மதி என்று நினைத்தேன். அங்கேதான் இருந்தது கூத்து. முதலில் தெளிந்த தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு மசித்தது. அக்கா ஒரு ஆளுக்கு என்று சமைக்கப் பழகாதவள். ஒரு சட்டி மசிப்பாள், அவர் மூன்று ஸ்பூனில் கையைத் தூக்கிவிடுவார். “எனக்குச் சமைக்கத் தெரியலன்னு சொல்லுங்க” என்று அழுவாள். “உள்ள எடம் இல்லடி” என்று அவர் கத்துவார். மூன்றாம் வாரம் எடை இறங்குவது நின்றுபோனது. ஒன்பது நாள் ஒரு கிராம்கூட அசையவில்லை. வயிற்றையும் கொடுத்துவிட்டு இதையும் பார்க்கணுமா என்று எடைக் கருவியைக் கட்டிலுக்குக் கீழே உதைத்துத் தள்ளினார். டாக்டரிடம் கேட்டால், எல்லோருக்கும் இப்படித்தான், தானாக இறங்கும் என்றார். இறங்கியது. ஆனால் அந்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? டாக்டரா இருந்தார்?

மூன்றாம் மாதம் முடி கொட்டியது. தலையணையில் கொத்துக் கொத்தாக. அதுவும் வரும், போகும் என்றார்கள். கன்னம் ஒட்டியது, கழுத்துத் தோல் தொங்கியது. முன்பு தெருவில் பார்த்தால் “என்னங்க, இன்னும் ஏத்திட்டீங்களா” என்றவர்கள் இப்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில், “மாமாவுக்கு ஏதாவது பெரிய வியாதியா?” என்றார்கள். அந்தத் தொப்பைச் சொந்தம், “இவ்வளவு சுலபமா குறைக்கலாம்னா நானும் பண்ணிக்குவேன்” என்றார். சுலபமாம்! நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். இப்போது அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நல்லதாகப் போயிற்று.

எட்டாம் மாதம் நூற்று ஆறு கிலோ. பாதுகாப்பு அதிகாரி பெல்ட்டை மாட்டிப் பார்த்தார். கொக்கி சேர்ந்து, மேலே வாரை இழுத்து இறுக்க வேண்டியும் இருந்தது. மருத்துவச் சான்றிதழை வரி வரியாகப் படித்தார், வழக்கம்போல. “இதுல ‘சாப்பாட்டு நேரம் ஒழுங்காக வேண்டும்’னு போட்டிருக்கே, பாத்துக்குவீங்களா?” என்றார். மாமா பார்த்துக்கொள்வேன் என்றார். நானும் சேர்ந்து, “நான் இருக்கேன் சார்” என்றேன். மறுநாள் காலை மாமா ஒன்பது நிமிடத்தில் கேபினுக்குப் போய்விட்டார். வாக்கி-டாக்கியில் மூச்சு வாங்காத குரல் வந்தது. எனக்கு ஏதேதோ சொல்லத் தோன்றியது, ஆனாலும் வேலை நேரம் என்பதால் ‘இறக்கு’ என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம் எல்லாம் சரியாகப் போகிற மாதிரிதான் இருந்தது. மாமா மேலே ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஃபிளாஸ்கில் கொண்டுபோகும் சத்து மாவுப் பாலை மட்டும் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். அக்கா கண்டுபிடித்துவிட்டாள். சாயங்காலம் படியேறும்போது சுவரைப் பிடித்தாராம். “முட்டைய வெச்சிருக்கேன், டப்பா காலியா வரணும்” என்று கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

அன்றைக்கு என்று பார்த்து ஐந்தாம் மாடித் தளத்துக்குக் கான்கிரீட். லாரிகள் ஆறு வரிசையில் நின்றன. எஞ்சினியர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு மாமா, “டன் பேசுறேன், சாப்பிடுறேன்” என்றார். கொக்கி கீழே இருந்தது. பக்கெட் நிரம்பியது. எஞ்சினியர் உச்சுக் கொட்டினார்.

நான் பொத்தானை அழுத்தினேன். “மாமா, ரொம்பிடுச்சு. சீக்கிரம்.”

அரை நிமிடம் போனது. “சீக்கிரம் மாமா.”

பிறகு, “தூக்கு” என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை, “தூக்கு.” இல்லை. மூன்றாவது தடவை சொல்வதற்குள் மேலேயிருந்து பொத்தான் அழுத்தப்படும் சத்தம் வந்தது. அதோடு குமட்டலும் இருமலும். வாக்கி-டாக்கி வைத்திருந்த எல்லோருக்கும் கேட்டது. கம்பி கட்டுகிறவர்கள் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். பாதுகாப்பு அதிகாரி ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வந்தார்.

இன்று இறக்கிவிட்டால் இனி ஏற்ற மாட்டார்கள். எட்டு மாதம், ஐந்து ஓட்டை, கொட்டின முடி, அக்காவின் அழுகை எல்லாம் வீண். எனவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். “மாமா, ரேடியோ கரகரங்குது. ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க” என்றேன்.



“ரேடியோ நல்லாத்தான் இருக்கு” என்றார் மாமா. “வாந்தி எடுத்தேன். முட்டைய அவசரமா முழுங்கிட்டேன், அடைச்சுக்கிச்சு. இப்ப வெளிய வந்துடுச்சு. மயக்கம் இல்ல, கை நடுங்கல. ஃபிளாஸ்க்ல சத்து மாவுப் பால் இருக்கு, ஸ்பூன் ஸ்பூனா குடிக்கணும். கொக்கி கீழதான் இருக்கு. இருபது நிமிஷத்துக்கு அங்கதான் இருக்கும்.”

எஞ்சினியர் என் கையிலிருந்து வாக்கி-டாக்கியைப் பிடுங்கினார். “யோவ், ஆறு லாரி நிக்குது! எல்லாம் இறுகிப் போயிடும்! தூக்குறியா, வேற ஆளப் பாக்கட்டுமா?”

“பாருங்க சார். ஆள் வர்ற வரைக்கும், நிறுத்து.”

எங்கள் தொழிலில் ‘தூக்கு’ என்று சிக்னல்மேன் மட்டும்தான் சொல்லலாம். ‘நிறுத்து’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், யார் சொன்னாலும் எல்லாம் நிற்க வேண்டும். ஆபரேட்டருக்கும் அந்த உரிமை உண்டு. பதினொரு வருடத்தில் மாமா அந்தச் சொல்லைத் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எஞ்சினியர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே ரேடியோவைக் கேட்டு வாங்கி, “இறங்கி வர்றீங்களா?” என்றார்.

“வேணாம் சார். சாப்பிட்டுட்டு வேலை பாக்கறேன்.”

“சரி. ஒவ்வொரு அஞ்சு நிமிஷமும் எனக்குப் பேசுங்க.” பிறகு எஞ்சினியரிடம், “உண்மையச் சொல்ற ஆள நான் எதுக்கு இறக்கணும்? நிறுத்துன்னா நிறுத்துதான்” என்றார். எஞ்சினியர் போனை எடுத்துக்கொண்டு லாரிகள் பக்கம் போய் யாரையோ திட்டினார்.

எனக்கு அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. வாக்கி-டாக்கி என் கைக்குத் திரும்பியதும், மாமாவையும் மாறச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காத இரண்டாம் சேனலுக்கு மாற்றினேன். தனிப்பேச்சு இருந்தால் நாங்கள் அதில்தான் பேசுவோம். “ஏன் மாமா எல்லாரும் கேக்க அப்படிப் போட்டு உடைச்சீங்க? நான் சமாளிச்சிருப்பேன்ல?”

“நீயா? எப்படி? சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லியா?”

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன்.

“எஞ்சினியருங்க வருவாங்க, போவாங்க. அவங்க குரல் எனக்கு ஞாபகமே இல்ல. பதினொரு வருஷமா நான் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் என் காதுல இருந்தது நீதான் மச்சான். டாக்டர் என் வயித்தத்தான் வெட்டினாரு. உன்ன ஒண்ணும் பண்ணல அவரு.” ஸ்பூன் ஃபிளாஸ்க் மூடியில் படும் சத்தம் கேட்டது. “இப்ப வை. நான் சாப்பிடணும்.”

எத்தனை பேரை நான் திட்டியிருக்கிறேன். தகட்டைப் படித்தவரை, முடிவெட்டுகிறவரை, தொப்பைக்காரரை, டாக்டரைக்கூட. இந்த ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டேன். காது இரண்டும் சுட்டது. வாக்கி-டாக்கியைப் பொதுச் சேனலுக்குத் திருப்பி இடுப்பில் செருகிக்கொண்டு, நிரம்பிய பக்கெட்டின் பக்கத்தில் நின்றேன்.

முதல் லாரியின் டிரைவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். “என்னண்ணே, எவ்வளவு நேரம் ஆகும்?”

“இருபது நிமிஷம்.”

“ஏன், என்னாச்சு? கிரேன் ரிப்பேரா?”

“இல்ல” என்றேன். “ஆபரேட்டர் சாப்பிடுறாரு.”